துறை மாறுவது தோல்வியா?

பாறசாலையிலிருந்து பேருந்தேறிக் களியக்காவிளைச் சந்தைக்குப் போய் வருகிறோம். 1956 நவம்பர் 1-இல் வகுத்த மாநில எல்லை நம் காலைத் தடுப்பதில்லை. ஆனால் நெய்யாற்றின்கரைப் பக்கம் எலக்ட்ரிக்கல் முடித்த பிள்ளை, "எம்.டெக். கம்ப்யூட்டர் படிக்கிறேன்" என்றால், "நாலு வருஷப் பணமும் பாழா?" என்று கோபிக்கிறோம்.

சதீஷ் தவான் ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. பெற்றவர்; இயந்திரப் பொறியியலும் கற்றவர். பிறகு அமெரிக்கா சென்று விமானப் பொறியியல் பயின்றார். 1972-இல் இஸ்ரோவின் தலைவரானார். நம் அருகிலுள்ள தும்பாவும் அவர் தலைமையில்தான் வளர்ந்தது.

ஆனால் ஆசை மட்டும் போதாது. 2021 முதல் கேட் தேர்வில், அனுமதிக்கப்பட்ட இணைகளில் இரண்டு தாள்கள் எழுதலாம். மதிப்பெண் மூன்றாண்டு செல்லும். எந்தப் பட்டத்துக்கு எந்தத் துறையில் இடம் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். அதை முதலில் விசாரித்தறிய வேண்டும். நேர்முகத்தில் துறை மாறும் காரணத்தை ஒளிக்காமல் சொல்ல வேண்டும்.

பெற்றோரே, பிள்ளை ஓராண்டு உழைத்துக் காட்டினால் வழிவிடுங்கள். கற்றது எதுவும் பாழாவதில்லை. விருப்பமின்றிக் கழியும் வாழ்நாள்தான் பாழ்.