மேகம் மூடிய நாளில் ஈரத்தை அளப்பது யார்?

2024 டிசம்பர் 1 மாலை, திருவண்ணாமலை வ.உ.சி. நகரில் மலைச்சரிவிலிருந்து பாறையும் சேறும் ஒரு வீட்டை மூடின. ஐந்து குழந்தைகள் உட்பட ஏழு பேர் இறந்தார்கள். கார்த்திகை தீபத்துக்குப் பன்னிரண்டே நாள் இருந்தது. முந்தைய இரவு புதுச்சேரி அருகே கரையேறிய ஃபெஞ்சல் புயல், பல மணி நேரம் நகராமல் நின்றது. பக்கத்து மாவட்டத்து மயிலத்தில் ஒரே நாளில் 51 செ.மீ. மழை.

அந்த 51-ஐச் சற்று யோசிக்க வேண்டும். ஈரம் மிகுந்த நாளிலும், ஓர் ஊருக்கு மேலுள்ள காற்று முழுவதையும் பிழிந்தால் ஆறேழு செ.மீ. தண்ணீர்தான் தேறும். மீதி அத்தனையும் வங்கக் கடலிலிருந்து வந்துகொண்டே இருந்தது. அதனால் ஈரத்தை ஒருமுறை அளந்தால் போதாது. அது எந்த உயரத்தில், எவ்வளவு வேகமாக வருகிறது என்று இடைவிடாமல் பார்க்க வேண்டும்.

பார்க்க நம்மிடம் கண் உண்டு. 2024 பிப்ரவரி 17 அன்று ஏவப்பட்ட இன்சாட்-3டிஎஸ் செயற்கைக்கோளின் ஒரு கருவி, சுமார் 36,000 கி.மீ. உயரத்திலிருந்து 19 அலைவரிசைகளில் நம் வானத்தைக் கவனிக்கிறது. பூமியிலிருந்து எழும் வெப்பக் கதிரில் சில அலைநீளங்களை நீராவி விழுங்கிவிடும். அந்தக் கதிர் எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதை வைத்து, உயரவாரியாக ஈரத்தைக் கணக்கிடுகிறார்கள். ஆனால் அகச்சிவப்புக் கதிர் அடர்ந்த மேகத்தைத் தாண்டாது. வானம் வெளுத்த நாளில் நன்றாகத் தெரிவது, புயல் நாளில் மேகத்தின் உச்சியோடு நின்றுவிடுகிறது. ஈரத்தின் பெரும்பகுதியோ தரையை ஒட்டிய இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள்தான்.

மேகத்தை ஊடுருவ நுண்ணலை வேண்டும். இஸ்ரோவும் பிரான்சும் சேர்ந்து 2011 அக்டோபர் 12 அன்று அனுப்பிய மேகா-டிராபிக்ஸ் அதற்காகவே பிறந்தது. மூன்றாண்டு ஆயுள் என்று எதிர்பார்த்தது, 2021 வரை உழைத்தது. 2023 மார்ச்சில் அதைப் பசிபிக் கடல்மீது எரியவிட்டோம். ஃபெஞ்சல் வந்தபோது அது இல்லை. நாளுக்குச் சில முறை கடந்துபோகும் அயல்நாட்டுத் துருவச் செயற்கைக்கோள்களின் நுண்ணலை அளவீடுகள் உதவுகின்றன. ஒரே இடத்தில் நின்று கொட்டும் புயலுக்கு அந்த இடைவெளி மிக அதிகம். வெப்பமண்டலத்துக்கான நுண்ணலைக் கருவியை மீண்டும் அனுப்புவதை இனியும் தள்ளிப்போடக் கூடாது.

அதுவரை தரையிலும் வழி இருக்கிறது. ஜி.பி.எஸ். சமிக்ஞை ஈரக் காற்றைக் கடக்கையில் நூலளவு தாமதமாகும். அதிலிருந்து மழை நேரத்திலும் ஈரத்தைக் கணக்கிடலாம். கடற்கரையிலிருந்து உள்நாடு நோக்கித் திண்டிவனம், செஞ்சி, திருவண்ணாமலை என்று இத்தகைய நிலையங்கள் வரிசையாக இருந்தால், ஈரம் ஏறிவருவதை மணிக்கு மணி தொடரலாம். மலைச்சரிவில் யார் வீடு கட்டுகிறார்கள், மண் எங்கே நெகிழ்ந்திருக்கிறது என்பதெல்லாம் எந்தக் கருவிக்கும் தெரியாது. அது நகராட்சியும் புவியியலாளர்களும் தெருத்தெருவாக நடந்து பார்க்க வேண்டிய வேலை. ஆனால் நான்கு மணி நேரம் முன்னதாகச் சேதி கிடைத்தால், அடிவாரத்து வீடுகளில் உள்ளவர்களை ஒரு பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப்போய்விடலாம்.