சுபம் போட்ட பிறகு தொடங்கும் கதை

2004 மே மாதம் 'ஷ்ரெக் 2' வெளிவந்தபோது அமெரிக்க விமர்சகர்கள் அதை நன்றாகவே வரவேற்றார்கள். கான் திரைப்பட விழாவின் போட்டிப் பிரிவில் இடம் கிடைத்தது. அந்த ஆண்டு உலகிலேயே அதிகம் வசூலித்த படமும் அதுதான், 92 கோடி டாலருக்கு மேல். ஆனாலும் வரவேற்பில் ஒரு குறை ஒட்டிக்கொண்டே இருந்தது. நன்றாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் முதல் படம் மாதிரி வருமா என்ற குறை. விமர்சகர் ரோஜர் ஈபர்ட் முதல் படத்துக்கு நான்கு நட்சத்திரம் கொடுத்தார், இரண்டாவதுக்கு மூன்று. சாதகமான விமர்சனங்கள் எத்தனை சதவீதம் என்று கணக்கெடுக்கும் ராட்டன் டொமேட்டோஸ் தளத்தில் இரண்டு படங்களும் 90 சதவீதத்தை ஒட்டி, ஏறத்தாழ சமமாக நிற்கின்றன. பிடித்ததா இல்லையா என்று மட்டும் எண்ணும் அந்தக் கணக்கு, எவ்வளவு பிடித்தது என்பதைச் சொல்லாது. தேவதைக் கதையை வைத்துச் சிரிக்கவைக்கும் படங்களின் அடுத்த பாகத்தை எடைபோட நாம் கையில் வைத்திருக்கும் அளவுகோலே கோணல் என்பது என் கருத்து. முதல் படத்தின் புதுமையோடு ஒப்பிட்டு மார்க் போடுவதை விட்டுவிட வேண்டும். 'சுபம்' போட்ட பிறகு இந்தப் பாத்திரங்களுக்கு மிச்சமிருக்கும் பயம் எது என்று படம் தேடிப் போனதா என்று பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால் 'ஷ்ரெக் 2' முதல் படத்தைவிட மேலான படம்.

இதைச் சொல்ல முதல் படத்தின் பெருமையைக் குறைக்க வேண்டியதில்லை. வில்லியம் ஸ்டைக் 1990இல் எழுதி வரைந்த சின்னப் படக்கதையிலிருந்து ட்ரீம்வொர்க்ஸ் நிறுவனம் 2001இல் எடுத்த படம் அது. அந்த நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜெஃப்ரி காட்ஸன்பெர்க் 1994இல் டிஸ்னியைவிட்டு வெளியேறியவர். அதனால் டிஸ்னி மரபைப் படம் கிண்டலடித்தபோது சுவாரசியம் இரட்டிப்பானது. இளவரசி ஃபியோனா காலையில் ஒரு பறவையோடு சேர்ந்து பாடுகிறாள். அவள் உச்சஸ்தாயிக்குப் போனதும் பறவை வெடித்துச் சிதறுகிறது. அடுத்த காட்சியில் அதன் முட்டைகள் கல்லில் பொரிகின்றன. அரை நூற்றாண்டாகக் குழந்தைகள் பார்த்து வந்த ஒரு வழக்கம் அரை நிமிடத்தில் கவிழ்ந்தது. சிறந்த அனிமேஷன் படத்துக்கு ஆஸ்கர் விருது ஏற்படுத்தப்பட்டபோது முதலில் வாங்கியது இந்தப் படம். 2020இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம், காத்து வைக்க வேண்டிய படங்களின் தேசியப் பதிவேட்டில் அதைச் சேர்த்தது. எல்லாம் தகுதியானவையே. ஆனால் அந்தப் புதுமை முழுவதும் கேலியில் இருந்தது, கேலி ஒரு முறைதான் புதிதாக இருக்கும். இளவரசி குங்ஃபூ போடுவாள், பூதம் நல்லவனாக இருப்பான் என்பது இரண்டாவது முறை தியேட்டருக்குள் நுழைகிறவர் எல்லோருக்கும் தெரியும். புதுமையை அளவுகோலாக வைத்துக்கொண்டால், விளக்கை அணைப்பதற்கு முன்பே இரண்டாம் பாகம் தோற்றுவிடுகிறது.

'ஷ்ரெக் 2' என்ன செய்தது? பூதமான ஷ்ரெக், ஃபியோனா என்ற புதுமணத் தம்பதியை மாமனார் வீட்டு விருந்துக்கு அனுப்பியது. தேவதைக் கதைகள் ஒருபோதும் எட்டிப் பார்க்காத இடம் அது. நீளமான மேசையின் ஒரு முனையில் ராஜா ஹெரால்ட், மறுமுனையில் மாப்பிள்ளை. கை அலம்ப வைத்த கிண்ணத்துத் தண்ணீரை ஷ்ரெக் எடுத்துக் குடித்துவிடுகிறான். பேரப் பிள்ளைகள் என்று பேச்சு வருகிறது, அவை பூதக் குட்டிகளாகத்தானே பிறக்கும் என்ற நினைப்பு மாமனாரின் தொண்டையில் சிக்குகிறது. பெற்ற மகளைக் கோபுரத்தில் பூட்டி வைத்தது யார் என்று மாப்பிள்ளை குத்துகிறான். அவள்மீது வைத்த பாசத்தால்தான் அப்படிச் செய்தேன் என்கிறார் அவர். இரண்டு பேரும் உணவைக் கிழித்து இழுக்க, கடைசியில் ஆளுக்கு ஆள் பெயர் சொல்லிக் கத்துகிறார்கள், கூட வந்த கழுதை தன் பெயரைத் தானே சொல்லிக்கொள்கிறது. காட்சி முழுக்க வயிறு வலிக்கச் சிரிக்கலாம். ஆனால் ஒவ்வொரு சிரிப்புக்கு அடியிலும் ஒரு அவமானம் இருக்கிறது. இன்னொரு இடத்தில் ஷ்ரெக் உதவி கேட்டு மந்திர தேவதையான ஃபேரி காட்மதரிடம் போகிறான். அவள் அலமாரியிலிருந்து புத்தகங்களை ஒவ்வொன்றாக உருவுகிறாள். சிண்ட்ரெல்லா, ஸ்நோ ஒயிட், தூங்கும் அழகி என்று புரட்டிக் காட்டி, இவற்றில் எதிலாவது பூதம் இருக்கிறதா என்கிறாள். எதிலும் இல்லை. முதல் படத்தில் தேவதைக் கதையை எள்ளி நகையாடியவன், இங்கே அந்தக் கதைகளில் தனக்கு இடமில்லை என்று தெரிந்து வாய் அடைத்து நிற்கிறான். அழகனாக மாறும் மருந்தை அவன் திருடிக் குடிப்பது அந்த அவமானத்தால்தான். கடைசியில் அந்த அழகை நிரந்தரமாக்கிக்கொள்ள வாய்ப்பு வந்தபோது, தான் கட்டிக்கொண்ட பூதமே போதும் என்று ஃபியோனா சொல்வதில் இருக்கும் கனம் முதல் படத்தின் முடிவில் இல்லை. அங்கே அவள் பூதமாவது மந்திரத்தால் நடந்தது, இங்கே அவளே தேர்ந்தெடுக்கிறாள். ஹெரால்ட் முன்னொரு காலத்தில் தவளையாக இருந்தவர் என்ற உண்மை வெளிப்படும்போது, மருமகனின் உருவத்தை அவர் ஏன் அப்படி வெறுத்தார் என்பதும் புரிந்துவிடுகிறது. தன் உருவத்தை வாழ்நாள் முழுவதும் மறைத்துவந்த மனிதனின் வெறுப்பு அது.

இந்தப் படத்தில் அன்றைய ஹாலிவுட்டைக் கிண்டலடிக்கும் சில்லறை நகைச்சுவை ஏராளம், அவற்றில் பாதி இன்று யாருக்கும் புரியாது என்று ஒருவர் மறுக்கலாம். உண்மைதான். ஹெரால்டின் ஃபார் ஃபார் அவே ராஜ்ஜியத்தை பெவர்லி ஹில்ஸ் மாதிரி வரைந்து, பிரபலக் கடைகளின் பெயர்களைத் திரித்துப் பலகைகளில் எழுதியதெல்லாம் அந்தக் காலத்தோடு போய்விட்டது. ஆனால் அந்தப் பலகைகளையெல்லாம் கழற்றிவிட்டாலும் கதை அப்படியே நிற்கும். மாமனார், மருமகன், அந்தஸ்து, முகம் என்பவை எந்த ஊரிலும் எந்த ஆண்டிலும் விளங்கும்.

2007இல் வந்த 'ஷ்ரெக் தி தேர்ட்' படத்தை விமர்சகர்கள் கைவிட்டார்கள். சாதகமான விமர்சனங்கள் 42 சதவீதம்தான். அலுத்துப்போன ஜோக்குகள் என்பது பொதுவான புகார். தீர்ப்பு சரி. ஆனால் அலுப்பு எங்கிருந்து வந்தது என்பதைத் தோண்டிப் பார்க்க வேண்டும். அந்தப் படத்திலும் ஒரு நல்ல பயம் இருந்தது. ஃபியோனா கர்ப்பமாக இருக்கிறாள் என்று தெரிந்ததும் ஷ்ரெக் கெட்ட கனவு காண்கிறான். வீடெல்லாம் பூதக் குழந்தைகள், எங்கு திரும்பினாலும் அழுகை, வாந்தி. தன் தகப்பன் எப்படிப்பட்டவன் என்று தெரிந்தவனுக்குத் தானும் அப்படி ஆகிவிடுவோமோ என்ற கலக்கம். அதை வைத்து ஒரு முழுப் படம் எடுத்திருக்கலாம். ஆனால் கதை அடுத்த ராஜாவாக ஆர்தர் என்ற பையனைத் தேடிக் கடல் கடந்து போய்விடுகிறது. தகப்பனாவது பற்றிய கேள்வி நடுநடுவே தலைகாட்டி, கடைசியில் குழந்தைகள் பிறந்ததும் தானாகவே தீர்ந்துவிடுகிறது. ஹெரால்ட் தவளை உருவில் சாகும் காட்சியைப் பாருங்கள். இறந்தார் என்று நினைக்கும்போது கண் திறக்கிறார், மறுபடி இறக்கிறார், மறுபடி திறக்கிறார். முந்தைய படத்தில் மருமகனுக்காகத் தன் உருவத்தையே பலி கொடுத்த மனிதனின் சாவை ஜோக்காக்கியதும், அந்தப் படத்தின் மற்ற ஜோக்குகளுக்கு நிற்க இடமில்லாமல் போய்விட்டது.

விமர்சகர்கள் என்ன சொன்னால் என்ன, வசூல் பேசுகிறதே என்பார்கள். மூன்றாம் பாகம் உலகம் முழுவதும் சுமார் 81 கோடி டாலர் வசூலித்தது. அந்த வசூல் எப்படி வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் முதல் வார இறுதியில் மூன்றாம் பாகம் 12.1 கோடி டாலர் ஈட்டியது, அனிமேஷன் படங்களில் அதுவரை இல்லாத சாதனை. இரண்டாம் பாகம் அதே மூன்று நாளில் ஈட்டியது 10.8 கோடி. ஆனால் ஓட்டம் முடிந்தபோது அமெரிக்க வசூலில் இரண்டாம் பாகம் 44 கோடியைத் தாண்டியிருந்தது, மூன்றாவது 32 கோடியில் நின்றுவிட்டது. முதல் வாரக் கூட்டம் முந்தைய படத்துக்குக் கிடைத்த பாராட்டு. அதற்குப் பிறகு வரும் கூட்டம்தான் இந்தப் படத்தைப் பற்றிய தீர்ப்பு. 2007 மே மாதம் பெரிய படங்கள் நெருக்கியடித்து வெளிவந்த மாதம் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறேன். அதைக் கழித்தாலும் 12 கோடி டாலர் பள்ளத்தை அது மட்டுமே விளக்காது. பார்த்தவர்கள் பக்கத்து வீட்டில் சொல்லவில்லை, அவ்வளவுதான். விமர்சகர்களும் பொதுமக்களும் எதிரெதிர்க் கட்சி என்ற பேச்சு இந்த விஷயத்தில் எடுபடாது.

தன் பலத்தைக் கைவிட்ட இன்னொரு இரண்டாம் பாகத்தையும் இங்கே சொல்ல வேண்டும். சிவப்புக் குல்லாச் சிறுமி கதையைத் துப்பறியும் கதையாக்கிய 'ஹுட்விங்க்ட்' 2005இல் வந்தது. ஒரு கோடி டாலருக்கும் குறைந்த செலவு, உருவங்கள் மரப்பாச்சி மாதிரி இருந்தன. ஆனாலும் ஒரே சம்பவத்தைச் சிறுமி, ஓநாய், மரவெட்டி, பாட்டி நால்வரும் போலீஸிடம் நான்கு விதமாகச் சொல்லும் அமைப்பு அதைக் காப்பாற்றியது, 11 கோடி டாலர் வசூலானது. 2011இல் அதைவிடப் பல மடங்கு செலவில் வந்த இரண்டாம் பாகம் அந்த அமைப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு உளவாளிச் சண்டைப் படமாக மாறியது. விமர்சகர்களில் பத்தில் ஒருவருக்குப் பிடித்திருந்தால் அதிகம். போட்ட பணமும் தியேட்டர் வசூலில் திரும்பவில்லை.

நான் சொல்லும் அளவுகோலுக்கு வலுவான சாட்சி 2022 டிசம்பரில் வந்த 'புஸ் இன் பூட்ஸ்: தி லாஸ்ட் விஷ்'. ஜோயல் கிராஃபோர்ட் இயக்கியது. ஷ்ரெக் வரிசையிலிருந்து பிரிந்த கிளைக்கதையின் இரண்டாம் பாகம், அதுவும் பதினொரு ஆண்டு கழித்து. புதுமை என்ற கணக்கில் பார்த்தால் இதைவிடப் பழைய சரக்கு இருக்க முடியாது. ஆனால் 95 சதவீத விமர்சனங்கள் சாதகம், ஆஸ்கர் பரிந்துரையும் வந்தது. காரணம் எளிது. ஒன்பது உயிர் உள்ளதாகப் பீற்றிக்கொள்ளும் பூனைக்கு எட்டு போய்விட்டது, மிச்சம் ஒன்று. சாராயக் கடையில் குல்லாய் போட்ட ஓநாய் ஒன்று பக்கத்தில் வந்து உட்காருகிறது. மோதலில் அரிவாள் உரசி நெற்றியில் ஒரு துளி இரத்தம் கசிகிறது, பூனையின் மயிர் குத்திட்டு நிற்கிறது. வாழ்க்கையில் முதல்முறையாக அது வாளைப் போட்டுவிட்டு ஓடுகிறது. ஓநாய் என்பது சாவுதான் என்று பிறகு தெரியவருகிறது. வேடிக்கைக்காகச் சொல்லப்பட்ட சாவு இல்லை, நேரடியாகவே சாவு. நடுக்காட்டில் பூனைக்கு மூச்சு முட்டி, இதயத் துடிப்பு மட்டும் காதில் விழ, மரத்தடியில் சரிந்து கிடக்கிறது. கூடவே வந்த பெரிட்டோ என்ற நாய்க்குட்டி எதுவும் கேட்காமல், எந்த அறிவுரையும் சொல்லாமல், பூனையின் வயிற்றில் தலை வைத்துப் படுக்கிறது. துடிப்பு மெல்ல அடங்குகிறது. எதையும் கேலி செய்து பழகிய ஒரு வரிசைப் படங்களில் அந்தச் சில நொடிகளுக்கு யாரும் ஜோக் அடிக்கவில்லை. இரண்டு மணி நேரம்கூட ஓடாத படம் மிச்ச நேரமெல்லாம் அப்படிச் சிரிக்கவைக்க முடிந்ததற்குக் காரணம் அந்த மௌனம்தான் என்று நான் நம்புகிறேன். கிறிஸ்துமஸ் வார இறுதியில் அமெரிக்காவில் 1.2 கோடி டாலர் மட்டுமே வசூலித்த படம் 18 கோடிக்கு மேல் போய் நின்றது. விடுமுறைக் காலம் கைகொடுத்திருக்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் விடுமுறை முடிந்த பிறகும் வாரக்கணக்கில் கூட்டம் வந்தது.

பாராட்டெல்லாம் அந்தத் தூரிகை தீட்டிய மாதிரியான ஓவிய பாணிக்குக் கிடைத்தது, கதைக்கு இல்லை என்று சிலர் சொல்கிறார்கள். 2018இன் 'ஸ்பைடர்வெர்ஸ்' படத்துக்குப் பிறகு அந்தப் பாணி வேறு படங்களிலும் வந்துவிட்டது. இங்கே அது மனதில் நிற்பதற்குக் காரணம், ஓநாய் வரும்போதெல்லாம் நிறம் சுருங்கிச் சிவப்பாவது பூனையின் பயத்தை நமக்குக் கடத்துவதால்தான். குழந்தைகள் படத்தில் இவ்வளவு சாவு தேவையா என்பது வேறொரு கேள்வி, அது மதிக்கத்தக்கது. ஆனால் கிரிம் சகோதரர்கள் முதலில் தொகுத்த கதையில் ஹான்சலையும் கிரெட்டலையும் பட்டினிக்குப் பயந்து காட்டில் விட்டுவிட்டு வருவது பெற்றவர்களேதான். குழந்தைகளுக்கு இருட்டு எப்போதும் சொல்லப்பட்டே வந்திருக்கிறது. கூடவே வழியும் சொல்லப்பட்டது. பயத்தையே கழற்றிவிட்டு வெறும் சிரிப்பை மட்டும் ஊட்டும் படத்தைத்தான் குழந்தைகளைக் குறைத்து மதிப்பிட்ட படம் என்பேன்.

ஷ்ரெக் வரிசையின் ஐந்தாம் பாகம் வரப்போவதாக 2024இல் அறிவித்தார்கள். 2025 பிப்ரவரியில் ஒரு சின்ன முன்னோட்டமும் வந்தது. அதில் ஷ்ரெக்கின் மகள் வளர்ந்த பெண்ணாக நிற்கிறாள், குரல் கொடுப்பவர் ஜெண்டேயா. அதையொட்டிக் கிளம்பிய பேச்சில் பெரும்பகுதி, முகங்களின் அமைப்பு பழையபடி இல்லையே என்ற வருத்தம்தான். படம் வந்த பிறகு விமர்சனங்களும் அதே வழியில் போய், முதல் படத்தோடு ஒப்பிட்டு ஒரு நட்சத்திரம் கூட்டிக் குறைத்து நின்றுவிடக் கூடாது. குழந்தைகளைக் கனவில் கண்டு அலறிய அந்தத் தகப்பன், அன்று விருந்து மேசையில் ஹெரால்ட் உட்கார்ந்த நாற்காலிக்கு இப்போது வந்து சேர்ந்திருக்கிறான். மகள் தனக்குப் பிடித்த வாழ்க்கையைத் தேர்ந்தெடுக்கும்போது அவன் முகம் எப்படிப் போகும் என்று படம் தேடிப் பார்த்ததா என்பதை விமர்சகர்கள் முதல் வேலையாகக் கேட்கட்டும். வரைந்த முகம் பழையதா புதியதா என்பதைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.