சாணைக் கருவி வாங்கலாமா?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமையன்று நமது வீட்டில் ஒரு தக்காளிப் பழம் காரணமாகப் பெருங் கலகம் விளைந்தது. எழுபத்திரண்டு வயதாகும் நம் தாயார் வழக்கம்போல் ரஸத்துக்குத் தக்காளி நறுக்கிக் கொண்டிருந்தார். கத்தி பழத்தின் தோலில் இறங்க மறுத்து, வழுக்கி, அவருடைய இடது கட்டைவிரலில் இறங்கிவிட்டது. காயம் அபாயமானதல்ல, துணி சுற்றியதும் இரத்தம் நின்றது. ஆனால் உடனே கூடிய குடும்ப மகாசபையில், "அம்மாவுக்குக் கை நடுங்குகிறது, இனிமேல் அவர் கத்தியைத் தொடக்கூடாது" என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறிற்று. தீர்மானத்தைக் கொண்டு வந்தவர் நாமே என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம்.

தாயார் ஒன்றும் பேசவில்லை. கூடத்தில் போய் உட்கார்ந்து கொண்டார். மறுநாளும் அப்படியே. ஐம்பது வருஷமாக வீட்டுக் கறிகாயையெல்லாம் நறுக்கியவர் காலை வேளையில் கையில் காரியமில்லாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் அவர் சொன்னது இவ்வளவுதான்: "கை நடுங்குகிறது வாஸ்தவந்தானடா. ஆனால் அந்தக் கத்தியை நீ ஒரு தடவை பிடித்துப் பாரேன்."

பிடித்துப் பார்த்தோம். ஒரு காகிதத்தை அந்தரத்தில் பிடித்து அறுத்தால் கிழிகிறதே தவிர அறுபடவில்லை. தக்காளியை அழுத்தினால் நசுங்குகிறது. கூரான கத்திக்குப் பலம் வேண்டியதில்லை; அதன் பாரமே பாதி வேலையைச் செய்துவிடும். மழுங்கிய கத்தியையோ அழுத்த வேண்டியிருக்கிறது. அழுத்திய பலம் முழுவதும், கத்தி வழுக்கும்போது, எதிரே இருக்கும் விரலின்மேல் வந்து சேருகிறது. குற்றவாளி யார் என்பது நமக்கு அப்போதுதான் விளங்கிற்று.

முன்பு நாம் குடியிருந்த தெருவில், சைக்கிள் சக்கரத்தோடு கல்லை இணைத்துக் காலால் மிதித்துக்கொண்டு ஒரு சாணைக்காரர் வருவார். இப்போதுள்ள அடுக்குமாடி வீட்டின் வாசற்காவலர் அவரை உள்ளே விடுவதில்லை. ஆகவே நான்கு வருஷமாக நம் கத்திகள் தீட்டப்படவே இல்லை.

இந்தச் சமயத்தில் நண்பர் ஒருவர், பெட்டியும் கையுமாக வந்து சேர்ந்தார். பெட்டிக்குள் கையால் இயக்கும் சாணைக் கருவி ஒன்று இருந்தது. கத்தியின் முதுகைக் கவ்விக்கொள்ள ஒரு பிடிப்பான். பக்கத்தில் துவாரங்களுள்ள ஒரு தகடு. அத்துவாரத்தின் வழியாகப் போய்வரும் கம்பி. கம்பியின் மறுபுறத்தில் சிறு கல். எந்தத் துவாரத்தில் கம்பியைச் செலுத்துகிறோமோ அதற்குத் தக்கபடி கல் கத்தியைத் தொடும் கோணம் அமையும். 17, 20, 25, 30 டிகிரி என்று நான்கு கோணங்கள். சமையற் கத்திக்கு முதல் இரண்டும் போதும். மற்றவை முரட்டு வேலை செய்யும் கத்திகளுக்கு.

கத்தி தீட்டுவதில் சூட்சுமமெல்லாம் கோணத்தில்தான் இருக்கிறது. இரண்டு பக்கத்துச் சரிவுகளும் ஒரே கோட்டில் வந்து சந்திக்க வேண்டும். ஒவ்வொரு தேய்ப்புக்கும் கை ஏறி இறங்கினால் வாய் உருண்டுவிடும். கருவி அந்தக் கையாட்டத்தை நிறுத்துகிறது. உண்மையைச் சொன்னால், ஒரு நாளும் கல்லைத் தொட்டறியாத நாம், பழம் நறுக்கும் சிறு கத்தியை அதில் வைத்து அரைமணி நேரத்தில் பிரமாதமாகக் கூராக்கிவிட்டோம். வாங்கிவிடுவது என்று அந்த க்ஷணமே தீர்மானித்தோம்.

பிறகு பெரிய கத்தியை வைத்தோம். இருபது சென்டிமீட்டர் நீளமுள்ள கத்தியைச் சிறிய பிடிப்பான் ஒரே பிடியில் ஆளமுடியவில்லை. கழற்றி, நகர்த்தி, மறுபடியும் மாட்ட வேண்டியிருந்தது. கத்தியின் வாய் நேராக இருக்கிறவரையில் கோணம் பிசகுவதில்லை. நுனியை நோக்கி வாய் வளைகிற இடத்திலோ அது மாறத்தான் செய்கிறது. மெல்லிய அலகு கல்லின் அழுத்தத்தில் வளைந்தும் கொடுத்தது. இவற்றையெல்லாம் சரிக்கட்டும் உயர்ந்த ரகக் கருவிகள் உண்டு. விலையும் அப்படியே உயர்ந்தது. அரிவாள்மணையைப் பற்றிக் கேட்டபோது நண்பர் சிரித்துவிட்டார். பலகையில் பதித்த வளைந்த அலகை எந்தப் பிடிப்பான் கவ்வும்?

நண்பருடைய கருவிக்கு ஐயாயிரம் ரூபாய்க்குமேல் ஆயிற்றாம். நம் வீட்டில் இருப்பவை இரண்டு கத்திகள், ஓர் அரிவாள்மணை. பரண்மேல் ஏற்கெனவே ஒரு பழரசக் கருவியும், தேங்காய் துருவும் யந்திரமும் வனவாசம் செய்கின்றன என்பதை நம் வீட்டு எஜமானி ஞாபகப்படுத்தினாள்.

எஞ்சியது கல். இரும்புக் கடையில் சில நூறு ரூபாய்க்கு, ஒருபுறம் நறநறவென்றும் மறுபுறம் வழவழப்பாகவும் உள்ள கார்போரண்டம் கல் கிடைத்தது. 1891-ல் அமெரிக்கரான எட்வர்ட் அச்சிஸன் மின்சார உலையில் களிமண்ணையும் கரியையும் சுட்டபோது கண்டெடுத்த பொருள் அது. எஃகைவிட மிகக் கடினமானது. அவ்வகைக் கற்களை அந்நிய நாட்டிலிருந்து மட்டுமே எதிர்பார்க்கும் நிலை நமக்கு இன்று இல்லை. 1954-ல் சென்னையில் ஆரம்பித்த கார்போரண்டம் யூனிவர்ஸல் தேய்ப்புக் கற்களைச் செய்து வருகிறது.

கோணத்துக்கு என்ன வழி? இங்கேதான் பள்ளிக்கூடத்துக் கணக்கு உபயோகப்பட்டது. முதுகிலிருந்து வாய்வரை நான்கு சென்டிமீட்டர் அகலமுள்ள கத்தியைக் கல்லின்மேல் வைத்து, முதுகை ஒரு சென்டிமீட்டர் உயர்த்தினால் ஏறக்குறைய 15 டிகிரி. ஒன்றரை சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைய உயர்த்தினால் 20. ஒரு சிறு மரத்துண்டைச் சீவி, உயரத்தைக் கண்ணுக்குப் பழக்கிக்கொண்டோம். கல்லை நனைத்து, ஒரு பக்கத்தையே தேய்த்துக் கொண்டிருந்தால் மறுபக்கத்து வாயில் மெல்லிய பிசிர் ஒன்று கிளம்பும். வாயிலிருந்து வெளிப்புறமாக விரலைத் தடவினால் தட்டுப்படும். வாயின் நீளம் முழுவதும் அது கிளம்பிய பிறகே கத்தியைத் திருப்ப வேண்டும். நாம் முதல் ஞாயிற்றுக்கிழமை அவசரப்பட்டுத் திருப்பிவிட்டோம். கத்தியின் கன்னத்தில் கீறல்கள் விழுந்ததுதான் கண்ட லாபம். இரண்டாம் வாரம் பாதிக் கத்தி கூராயிற்று. மூன்றாம் வாரம் பிசிர் முழு நீளமும் வந்தது. வழவழப்பான புறத்தில் மெதுவாகத் தேய்த்து அதை நீக்கினோம். காகிதம் சத்தமின்றி இரண்டாயிற்று.

பிளவுக்குள் கத்தியை விட்டு இழுக்கும் மலிவான சாதனம் ஒன்று கடைகளில் இருக்கிறது. அவசரத்துக்கு ஆகும், ஆனால் அது உலோகத்தைச் சுரண்டி எடுக்கிறதே அல்லாமல் தீட்டுவதில்லை. நல்ல கத்தியை அதில் இழுக்க வேண்டாம்.

ஆகவே நாம் கருவி வாங்கவில்லை. ஆனால் நேயர்கள் எல்லோரும் அப்படியே செய்ய வேண்டுமென்று சொல்லமாட்டோம். மூன்று வாரம் காத்திருக்கப் பொறுமையில்லாதவர்கள், கை நிலைக்காதவர்கள், விலையுயர்ந்த கத்திகள் பல வைத்திருப்பவர்கள் தாராளமாக வாங்கலாம். ஐயாயிரம் ரூபாயில் அவர்கள் வாங்குவது கோணம் ஒன்றைத்தான் என்பதை மட்டும் தெரிந்து வாங்கட்டும். கல்லை வாங்கிப் பரண்மேல் போடுகிறவர்களைவிட, கருவியை வாங்கி மாதம் ஒரு முறை எடுக்கிறவர்கள் எவ்வளவோ மேல்.

அரிவாள்மணையை நாமே எடுத்துக்கொண்டு மார்க்கெட் முனைக்குப் போனோம். பழைய சாணைக்காரர் அங்கேதான் இருக்கிறார். பொறி பறந்தாலும் அலகு நீலம் பாரிக்காதபடி அடிக்கடி தண்ணீரில் தோய்த்தார். சூடேறி நீலம் பாரித்தால் எஃகின் பதம் போய்விடும் என்பது அவருக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. "எந்த வீடு, ஸார்?" என்று கேட்டார். சொன்னோம். வாசற்காவலரிடம் பேசுவதாகவும் வாக்களித்திருக்கிறோம்.

மகாசபைத் தீர்மானம் வாபஸ் வாங்கப்பட்டது. தாயார் தக்காளியை எடுத்து, கத்தியை அதன்மேல் வைத்து, லேசாக இழுத்தார். துண்டு சாய்ந்து விழுந்தது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இனிமேல் குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வை" என்றார்.