லண்டனுக்குப் போகிறீர்களா?



கோடை விடுமுறை நெருங்கினால் நமக்கு வரும் கடிதங்களில் ஒரு கேள்வி தவறாமல் இருக்கும். "பையன் லண்டனில் வேலை பார்க்கிறான், எங்களுக்கு டிக்கெட் போட்டுவிட்டான். பிக் பென், லண்டன் ஐ, அரண்மனை வாசல் எல்லாம் அவனே காட்டிவிடுவான். வேறு என்ன பார்க்கலாம்?" இது ஃபேஷன் சிறப்பிதழ் என்பதால் பதிலை இந்தப் பக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். லண்டன்காரர்கள் ஒருகாலத்தில் எதையெல்லாம் வேண்டாம் என்று தள்ளினார்களோ, அதையெல்லாம் தேடிப் பாருங்கள். அந்த ஊரின் உடை, வடிவமைப்பு, தெருக் கலாசாரம் மூன்றையும் பிடித்துவிடலாம்.

கிழக்கு லண்டனில் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பகுதியிலிருந்து தொடங்குங்கள். 1685க்குப் பிறகு பிரான்சில் மதக் கொடுமைக்குத் தப்பி ஓடிவந்த ஹியூகனாட் மக்களில் பலர் பட்டு நெசவாளர்கள். அவர்கள் தறி போட்டது இங்கேதான். ஃபூர்னியர் தெருவின் பழைய வீடுகளை அண்ணாந்து பாருங்கள். மேல்மாடியில் அகல அகலமாக ஜன்னல்கள். தறிக்கு வெளிச்சம் வேண்டுமே! பக்கத்திலேயே பிரின்ஸ்லெட் தெருவில் ஆனா மரியா கார்த்வைட் என்ற பெண்மணி வாழ்ந்தார். பட்டில் நெய்ய வேண்டிய பூவையும் கொடியையும் வண்ணத்தில் வரைந்து கொடுப்பது அவர் தொழில். அவர் கைப்பட வரைந்த நூற்றுக்கணக்கான தாள்கள் இன்று விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கின்றன.

இந்தப் பட்டுக்காரர்களின் வயிற்றில் அடித்தது எது தெரியுமா? நம் சோழமண்டலக் கரையிலிருந்து கப்பல் ஏறிய பருத்தித் துணி. கையால் வரைந்து, சாயவேரில் சிவப்பேற்றிய துணி. துவைத்தாலும் சாயம் போகாது, பட்டைவிட விலையும் குறைவு. லண்டன் பெண்கள் விடுவார்களா? 1700-ல் சட்டம் போட்டு இந்த இந்தியச் சீட்டித் துணியின் இறக்குமதியைத் தடுத்தார்கள். வெள்ளைத் துணியை வரவழைத்து லண்டனிலேயே அச்சடிக்க ஆரம்பித்தார்கள் வியாபாரிகள். 1719-ல் நெசவாளர்கள் தெருவில் இறங்கி, அச்சுத் துணி உடுத்திப் போன பெண்களின் உடையைக் கிழித்தார்கள். மையையும் அமிலத்தையும் ஊற்றினார்கள். 1721-ல் அச்சிட்ட பருத்தியை உடுத்துவதற்கே தடை வந்தது. அந்தத் தடை நீங்க 1774 ஆயிற்று. அப்போதும் இறக்குமதித் தடை நீங்கவில்லை. புகழ்பெற்ற நடிகர் டேவிட் கேரிக் வீட்டுக் கட்டிலுக்காக இந்தியாவிலிருந்து வந்த மசூலிப்பட்டினத்துச் சீட்டித் திரைகளை 1775-ல் சுங்கத்துறை பறிமுதல் செய்தது. அந்தக் கட்டிலும் திரையும் இன்று அதே விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் சொத்து!

ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸை விட்டுக் கிளம்புமுன் பிரிக் லேனில் ஒரு பள்ளிவாசலைப் பாருங்கள். 1743-ல் ஹியூகனாட்டுகள் கட்டிய தேவாலயம் அது. 1898-ல் யூதர்களின் ஜெப ஆலயமானது, 1976-ல் பள்ளிவாசலானது. பட்டு நெய்தவர்கள் போனார்கள், யூதத் தையல்காரர்கள் வந்தார்கள். பிறகு வங்காளதேசத்துத் தையல் தொழிலாளர்கள் வந்தார்கள். ஊசியும் நூலும் மட்டும் அந்தப் பேட்டையை விட்டுப் போகவேயில்லை.

அடுத்து மேற்கே, கிங்ஸ் ரோடு. 1955-ல் மேரி குவாண்ட் அங்கே சின்னதாக ஒரு கடை திறந்தார்; மினி ஸ்கர்ட் உலகம் சுற்றக் காரணமானவர்களில் அவர் முக்கியமானவர். அதே சாலையில் 430-ம் எண் கடையின் மேலே ஒரு பெரிய கடிகாரம். அதில் 13 மணி வரை எண்கள். முட்கள் பின்னோக்கிச் சுற்றும். பள்ளி ஆசிரியையாக இருந்த விவியன் வெஸ்ட்வுட், மால்கம் மெக்லாரனுடன் சேர்ந்து நடத்திய கடை. பங்க் உடை கிழிசலும் ஊக்குமாகப் புறப்பட்டது இங்கிருந்துதான். 1970-களின் நடுவில் அந்தக் கடைக்கு இருந்த பெயரை இந்தப் பக்கத்தில் அச்சிட எனக்கே தயக்கம்! 1975-ல் அங்கே விற்ற ஒரு டி-ஷர்ட்டுக்காக ஆபாச வழக்கே வந்தது. 2004-ல் வெஸ்ட்வுட்டின் உடைகளுக்கென்றே விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் தனிக் கண்காட்சி நடத்தியது. 2006-ல் அரச விருதான 'டேம்' பட்டமும் வந்து சேர்ந்தது.

போக வர பாதாள ரயிலில்தானே ஏறுவீர்கள்? கையில் இருக்கும் வரைபடத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். நேர்கோடு, சாய்கோடு, தடத்துக்கொரு நிறம். ரயில்வேயின் சிக்னல் பிரிவில் வரைவாளராக இருந்த ஹாரி பெக், ஓய்வு நேரத்தில் போட்ட படம். நிஜ தூரத்தைக் காட்டவில்லை என்பதால் 1931-ல் நிர்வாகம் முதலில் வேண்டாம் என்றது. 1933-ல் அச்சிட்டுக் கொடுத்ததும் பயணிகள் அள்ளிக்கொண்டு போனார்கள். இன்று பல நாட்டு மெட்ரோ வரைபடங்களுக்கும் அதுதான் முன்மாதிரி.

தேம்ஸ் கரையில் சவுத்பேங்க் கட்டடத்துக்கு அடியில், சுவரெல்லாம் ஸ்ப்ரே பெயின்ட் ஓவியத்துக்கு நடுவே பிள்ளைகள் ஸ்கேட்போர்டில் பறந்துகொண்டிருப்பார்கள். 1970-களிலிருந்து அது அவர்கள் இடம். 2013-ல் அங்கே கடைகள் கட்டத் திட்டம் வந்தது. பிள்ளைகள் போராடி 2014-ல் இடத்தைக் காப்பாற்றிக்கொண்டார்கள். கொஞ்ச நேரம் நின்று பாருங்கள், யாரும் காசு கேட்க மாட்டார்கள்.

காசு என்றதும் நினைவு வருகிறது. விக்டோரியா அண்ட் ஆல்பர்ட்டின் நிரந்தரக் கூடங்களுக்குக் கட்டணம் கிடையாது. 2025-ல் கிழக்கு லண்டனின் ஸ்ட்ராட்ஃபோர்டு பகுதியில் ஈஸ்ட் ஸ்டோர்ஹவுஸ் என்ற பெயரில் தங்கள் கிடங்கையே பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். அங்குள்ள பொருட்களில் ஐந்து வரை தேர்ந்தெடுத்து, இரண்டு வாரம் முன்னதாகப் பதிவு செய்தால், எடுத்து வைத்து அருகில் காட்டுகிறார்கள். இதுவும் இலவசம்தான்.

ஆகவே, பையனிடம் இப்போதே சொல்லி வையுங்கள். இணையத்தில் அந்த அருங்காட்சியகத்தின் பட்டியலைத் தேடி, சோழமண்டலக் கரைத் துணி ஒன்றுக்குப் பதிவு செய்யச் சொல்லுங்கள். ஆக்ஸ்ஃபோர்டு ஸ்ட்ரீட் கடைகளுக்கு ஒதுக்கிய நேரத்தில் பாதி இதற்குப் போதும். பார்த்துவிட்டு வந்து மறக்காமல் எங்களுக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்