ஆட்டுச் சந்தையில் கம்ப்யூட்டர் பாடம்!

ஒடுகத்தூரில் வெள்ளிக்கிழமை என்றால் ஆட்டுச் சந்தை.

வியாபாரி வருகிறார். ஆட்டின் முதுகைத் தடவுகிறார். தூக்கிப் பார்க்கிறார். "இத்தனை கிலோ தேறும்" என்று சொல்லிவிடுகிறார். இருபது ஆடுகளை நிறுத்தினாலும், எது கொழுத்தது என்பதை ஒரு பார்வையில் கண்டுபிடித்து விடுவார்.

இதே வேலையைக் கம்ப்யூட்டரிடம் கொடுங்கள். திரு திரு என்று விழிக்கும்! அதற்கு மந்தை முழுவதையும் ஒரே பார்வையில் பார்க்கத் தெரியாது. ஒவ்வொன்றாக நாம் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

எப்படி?

"முதல் ஆட்டைப் பிடித்துக்கொள். அடுத்த ஆட்டோடு தராசில் வைத்துப் பார். அடுத்தது கனமாக இருந்தால், கையில் உள்ளதை விட்டுவிட்டு அதைப் பிடித்துக்கொள். இல்லாவிட்டால் பழையதையே வைத்துக்கொள். ஆடுகள் தீரும்வரை இப்படியே செய்."

இருபது ஆட்டுக்கு 19 தடவை நிறுத்தால், கடைசியில் கையில் இருப்பதுதான் கனமான ஆடு. இதுதான் "புரோகிராம்". வேறு ஒன்றும் இல்லை.

3-ம் வகுப்பிலேயே!

இப்போது இதை ஏன் பேசுகிறோம்?

2026-27 கல்வி ஆண்டு முதல், 3-ம் வகுப்பிலிருந்தே செயற்கை நுண்ணறிவும் "கணினிச் சிந்தனை"யும் கற்றுத்தரப்படும் என்று மத்திய கல்வி அமைச்சகம் 2025 அக்டோபரில் அறிவித்தது. தமிழ்நாடு அரசும் 2025-ல் அரசுப் பள்ளிகளில் 6 முதல் 9-ம் வகுப்பு வரை "டி.என். ஸ்பார்க்" என்ற திட்டத்தைக் கொண்டு வந்தது.

"எட்டு வயதுப் பிள்ளைக்குக் கம்ப்யூட்டரா?" என்று பெற்றோர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் கணினிச் சிந்தனைக்குக் கம்ப்யூட்டரே தேவை இல்லை! ஒரு பெரிய வேலையைச் சிறு சிறு வேலைகளாகப் பிரிப்பது, எது முன்னே, எது பின்னே என்று வரிசைப்படுத்துவது, "இப்படி இருந்தால் இதைச் செய், இல்லாவிட்டால் அதைச் செய்" என்று முடிவு கட்டுவது. அவ்வளவுதான். அமெரிக்கப் பேராசிரியை ஜானெட் விங் 2006-ல் எழுதிய கட்டுரையால்தான் இந்தப் பேச்சு உலகம் எங்கும் பரவியது. படிப்பது, எழுதுவது, கணக்குப் போடுவது போல, இதுவும் எல்லோருக்கும் வேண்டும் என்றார் அவர்.

ஆம்பூர் பக்கத்து ஷூ தொழிற்சாலைகளில் வேலை செய்யும் நம் வீட்டுப் பெண்களுக்கு இது புதிது அல்ல. தோலை வெட்ட வேண்டும். துண்டுகளைத் தைக்க வேண்டும். தைத்ததைக் கால் அச்சில் ஏற்ற வேண்டும். அதன் பிறகுதான் அடிப்பாகத்தை ஒட்டலாம். தோலில் கீறல் இருந்தால் ஒதுக்கு. இல்லாவிட்டால் அடுத்த மேஜைக்கு அனுப்பு. வரிசை மாறினால் ஷூ வராது! அம்மாவுக்குத் தெரிந்த இந்த வித்தையைத்தான் மகள் வேறு பெயரில் படிக்கப்போகிறாள்.

ஒரு கோடு போச்சு!

ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. தையல்காரப் பெண்ணிடம் மேஸ்திரி தவறாகச் சொன்னால், "இது சரி இல்லையே" என்று கேட்பாள். கம்ப்யூட்டர் கேட்காது. சொன்னதைச் சொன்னபடி செய்யும்.

1962 ஜூலையில் அமெரிக்கா "மரைனர் 1" என்ற விண்கலத்தை வெள்ளி கிரகத்துக்கு அனுப்பியது. அதை வழிநடத்திய கட்டளைகளில் ஒரு சிறு கோடு விட்டுப்போயிருந்தது. ராக்கெட் பாதை தவறியது. ஐந்து நிமிடத்துக்குள் வானத்திலேயே அதை வெடிக்க வைத்தார்கள்! கோடிக்கணக்கான பணம் கடலில் விழுந்தது.

"இப்போதுதான் கம்ப்யூட்டரே புரோகிராம் எழுதுகிறதே, நம் பிள்ளை எதற்குப் படிக்க வேண்டும்?" என்று சிலர் கேட்கலாம். எழுதுகிறது, உண்மைதான். அது எழுதியது சரியா, தப்பா? கோடு விட்டுப்போனதா? பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும். அந்த ஆளுக்குத்தான் இனி மதிப்பு.

தமிழில் முடியுமா?

முடியும். முத்து அண்ணாமலை என்பவர் "எழில்" என்று ஒரு கம்ப்யூட்டர் மொழியையே செய்திருக்கிறார். அதில் கட்டளைகள் எல்லாம் தமிழ். எழுதிக் காட்டு என்பதற்கு "பதிப்பி". நிபந்தனைக்கு "ஆனால்", "இல்லை". முடிவுக்கு "முடி". வேலைக்குப் போகும்போது ஆங்கிலச் சொற்கள் உள்ள மொழிகள் வேண்டும்தான். ஆனால் அந்தச் சொற்கள் கொஞ்சம்தான், பிறகு கற்கலாம். யோசிக்கும் முறையைத் தாய்மொழியில் பிடித்துக்கொண்ட பிள்ளை அதற்குப் பயப்படாது.

என் கவலை வேறு. நகரத்துப் பிள்ளைக்குப் பள்ளியும் உண்டு, தனி வகுப்பும் உண்டு. கம்பெனி பஸ்ஸில் போய் இருட்டியபின் வீடு திரும்பும் தாயின் பிள்ளைக்குப் பள்ளி ஒன்றுதான். அங்கே கம்ப்யூட்டர் பூட்டிய அறையில் கிடந்தால்? சொல்லித்தர ஆசிரியர் இல்லாவிட்டால்? "கட்டளை என்றால் என்ன?" என்பதற்கு விடையை மனப்பாடம் செய்யச் சொன்னால்? புத்தகம் அச்சடிப்பது சுலபம். ஆசிரியருக்குப் பயிற்சி கொடுப்பதில்தான் அரசு பணத்தையும் காலத்தையும் செலவிட வேண்டும். பெற்றோர் கூட்டத்துக்குப் போகிறவர்கள் இதை வாய்விட்டுக் கேட்கலாம்.

அதுவரை வீட்டில் பிள்ளைகளுக்கு ஒரு கணக்கு. ஒரு தராசு. எடைக்கல் கிடையாது. இருபது ஆடுகள். எல்லாம் வெவ்வேறு எடை. மிகக் கனமானதையும், மிக இலேசானதையும் கண்டுபிடிக்க வேண்டும். முன்னே சொன்ன வழியில் போனால் 19-ம் 18-ம், ஆக 37 தடவை நிறுக்க வேண்டும். 28 தடவையில் முடிக்க ஒரு வழி உண்டு. முதலில் ஆடுகளை ஜோடி ஜோடியாக நிறுத்துப் பாருங்கள்!