கப்பலைவிட மாலுமி பெரிது

2024 மார்ச் 16 அன்று, எம்.வி. ரூவன் என்ற சரக்குக் கப்பலில் இருந்த சோமாலியக் கடற்கொள்ளையர்கள் 35 பேரும் இந்தியக் கடற்படையிடம் சரணடைந்தார்கள். மூன்று மாதங்களாகப் பிணைக்கைதிகளாக இருந்த 17 மாலுமிகளும் காயமின்றி மீண்டார்கள். அவர்களில் ஒருவர்கூட இந்தியர் இல்லை. பல்கேரியா, மியான்மர், அங்கோலா நாட்டுக்காரர்கள். யார் பெற்ற பிள்ளையாக இருந்தாலும் உயிர் உயிர்தான் என்று போய் நின்ற நம் வீரர்களுக்கு எத்தனை முறை நன்றி சொன்னாலும் தகும்.

அந்த மீட்பு நடவடிக்கை நீடித்த நாற்பது மணி நேரத்தில் நடந்ததைக் கவனமாகப் பார்க்க வேண்டும். ஐ.என்.எஸ். கொல்கத்தா போர்க்கப்பல் அனுப்பிய ட்ரோனைக் கொள்ளையர்கள் சுட்டு வீழ்த்தினார்கள். போர்க்கப்பலை நோக்கியும் சுட்டார்கள். பதிலுக்கு நொடியில் எல்லாவற்றையும் முடித்துவிடும் பலம் நம்மிடம் இருந்தது. ஆனால், கப்பலின் சுக்கான் இயக்கத்தையும் வழிகாட்டும் கருவிகளையும் மட்டும் குறிபார்த்துச் செயலிழக்க வைத்து, ஓடிய கப்பலை நிறுத்தினார்கள். விமானப்படையின் சி-17 விமானம், இந்தியக் கரையிலிருந்து 2,600 கிலோமீட்டர் தள்ளி நடுக்கடலில் கடற்படையின் மார்கோஸ் கமாண்டோக்களையும் அவர்களுடைய படகுகளையும் பாராசூட்டில் இறக்கியது. தப்ப வழியே இல்லை என்று எதிராளிக்குப் புரியும்வரை நெருக்கினார்கள். இந்தப் பொறுமையைத்தான் நாம் பெரிய வீரம் என்கிறோம்.

ஏனென்றால், பொறுமை தவறியதற்குக் கொடுத்த விலையை வரலாறு பதிவு செய்திருக்கிறது. 1975 மே 12 அன்று மயாகுவேஸ் என்ற அமெரிக்கச் சரக்குக் கப்பலைக் கம்போடியாவின் கெமர் ரூஜ் படையினர் பிடித்தார்கள். அமெரிக்கா வியட்நாமில் தோற்று வெளியேறி இரண்டு வாரம்கூட ஆகவில்லை. அந்த அவமானம் ஆறாத நேரம். அதிபர் ஃபோர்டு படையை அனுப்பினார். மாலுமிகள் கோ டாங் தீவில் இருப்பதாக நம்பி, மே 15 அன்று வீரர்கள் ஹெலிகாப்டரில் போய் இறங்கினார்கள். அங்கே காத்திருந்தது கடுமையான துப்பாக்கிச்சூடு. மாலுமிகள் அந்தத் தீவிலேயே இல்லை. கப்பலில் ஏறிப் பார்த்தால் அதுவும் காலி. சண்டை நடந்துகொண்டிருக்கும்போதே, கம்போடியர்கள் விடுவித்த மாலுமிகள் ஒரு மீன்பிடிப் படகில் அமெரிக்கப் போர்க்கப்பலுக்கு வந்து சேர்ந்தார்கள். அவர்கள் மீண்ட பிறகும், தீவில் சிக்கிய வீரர்களை மீட்கவே சண்டை தொடர்ந்தது. ஆயத்தத்தின்போது தாய்லாந்தில் நடந்த ஹெலிகாப்டர் விபத்தில் மாண்ட 23 பேரையும் சேர்த்து, 41 அமெரிக்கர்கள் உயிரிழந்தார்கள். மூன்று வீரர்களைத் தீவிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டார்கள். மாலுமி எங்கே இருக்கிறார் என்று தெரியாமல் தொடுத்த தாக்குதல் அது.

அதைத் தெரிந்துகொள்ள ஒரு வழி கப்பலுக்குள்ளேயே இருக்கிறது. 2024 ஜனவரியில் லீலா நார்ஃபோக் கப்பலில் ஆயுதக் கும்பல் ஏறியபோது, 15 இந்தியர்கள் உட்பட 21 மாலுமிகளும் உள்ளே தாழிட்டுக்கொள்ளும் பாதுகாப்பு அறைக்குள் போய்விட்டார்கள். ஐ.என்.எஸ். சென்னையிலிருந்து போன கமாண்டோக்களால் தயக்கமின்றிக் கப்பலைச் சலித்துத் தேட முடிந்தது அதனால்தான். உறுதியான கதவும் தகவல் தொடர்புக் கருவியும் உள்ள அப்படியோர் அறைக்குச் செலவு செய்ய யோசிக்கும் முதலாளியின் கப்பல், அபாயக் கடலுக்குள் போகவே கூடாது.

கமாண்டோக்களால் எல்லா இடத்துக்கும் போக முடியாது என்பதும் உண்மை. 2010 செப்டம்பரில் கடத்தப்பட்ட ஆஸ்பால்ட் வென்ச்சர் கப்பலில் 15 இந்தியர்கள் இருந்தார்கள். அடுத்த ஏப்ரலில் பணம் கைமாறியது. கொள்ளையர்கள் எட்டுப் பேரை மட்டும் விட்டார்கள். இந்தியச் சிறைகளில் உள்ள எங்கள் ஆட்களை விட்டால்தான் மற்றவர்கள் என்று ஏழு பேரைக் கரையில் வைத்துக்கொண்டார்கள். அந்த ஏழு பேர் விடுதலையாக 2014 அக்டோபர் கடைசி ஆனது. நாலு வருடம்! அந்த வீடுகளில் அடுப்பு எப்படி எரிந்தது, பிள்ளைகள் எப்படிப் படித்தார்கள் என்று எத்தனை பேர் கேட்டோம்?

சிறைப்பட்ட காலம் முழுவதும் மாலுமிக்குச் சம்பளம் தொடர வேண்டும் என்று, கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையின் திருத்தம் 2020 டிசம்பர் முதல் சொல்கிறது. உலகக் கப்பல்களில் வேலை செய்பவர்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவரை அனுப்பும் நாடு நம்முடையது. அந்தச் சம்பளம் மாதாமாதம் வீட்டுக்கு வருகிறதா என்று பார்க்க வேண்டியது மத்திய அரசின் கப்பல் துறை. போலி ஏஜென்ட்டுகளை நம்பிப் பதிவே இல்லாமல் கப்பலேறும் இளைஞர்களுக்கு இந்தப் பாதுகாப்பு எட்டாது. அந்த ஏஜென்ட்டுகள் மீது இப்போதே வழக்குப் போடுங்கள். அடுத்த கப்பல் கடத்தப்படும்வரை காத்திருக்க வேண்டாம்.