போன் எடுக்கிற வேலைதானே என்று கேட்டவர்களுக்கு

பதிவு கொஞ்சம் நீளம். என் இயற்பியல் வகுப்பில் 45 நிமிடம் அசையாமல் உட்கார்ந்தவர்களுக்கு இது ஒன்றும் பெரிதில்லை. படியுங்கள்.

போன வாரம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நடந்தது உறவினர்களுக்குத் தெரியும். மாணவர்களுக்காகச் சொல்கிறேன். சொந்தத்தில் ஒரு பையன் அமெரிக்காவில் எம்.எஸ். படிக்கிறான். கல்லூரி வளாகத்திலேயே அவனுக்குப் பகுதிநேர வேலை கிடைத்திருக்கிறது. வீடு கட்டுகிறவர்களும் காண்ட்ராக்டர்களும் கட்டட இன்ஸ்பெக்டர்களும் எரிசக்தி விதியில் சந்தேகம் கேட்டு போன் செய்வார்கள், மெயில் அனுப்புவார்கள். இவன் விதிப்புத்தகத்தைப் புரட்டி, தெரியாததை மேலே இருக்கும் இன்ஜினியரிடம் கேட்டு, பதில் எழுத வேண்டும். மாணவர் விசாவில் இருப்பவர்கள் கல்லூரி நடக்கும் மாதங்களில் வாரம் 20 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம். அதற்குள் இந்த வேலை, அதற்கு மணிக் கணக்கில் சம்பளம்.

அவன் அம்மா ஆசையாக இதைப் போட்டாள். கீழே வந்த பதில்கள்: “பி.இ. முடிச்சிட்டு கால் சென்டர் வேலையா?” “இதுக்கா இவ்வளவு லோன் போட்டு அனுப்பினீங்க?” இன்னொருவர், அவர் பெயரைச் சொல்ல மாட்டேன், எனக்குத் தம்பி முறை: “அக்கா, இதெல்லாம் நாளைக்கு ஏஐ பண்ணிடும்.”

குழுவில் நான் பதில் போடவில்லை. இங்கே போடுகிறேன்.

முதலில் அந்தப் பையன் எதற்குப் பதில் சொல்கிறான் என்று தெரிந்துகொள்ளுங்கள். நம் நாட்டிலும் அந்த விதி இருக்கிறது. 2001-ல் எரிசக்தி சேமிப்புச் சட்டம் வந்தது. 2002-ல் அதை நடத்த எரிசக்தித் திறன் பணியகம் வந்தது. 2007-ல் பெரிய வணிகக் கட்டடங்களுக்கான விதித்தொகுப்பு வந்தது, ஈ.சி.பி.சி. என்பார்கள். 2017-ல் அதைத் திருத்தினார்கள். 100 கிலோவாட் இணைப்புச் சுமையோ 120 கேவிஏ ஒப்பந்தத் தேவையோ அதற்கு மேலோ உள்ள கட்டடங்களுக்கு அது. வீடுகளுக்கென்று 2018 டிசம்பரில் ‘ஈகோ நிவாஸ் சம்ஹிதா’ வெளியிட்டார்கள். 2022-ல் சட்டத்தையே திருத்தி, குடியிருப்புகளையும் அதன் வளையத்துக்குள் கொண்டுவர வழி செய்தார்கள்.

இதில் எதையாவது எர்ணாவூரில், திருவொற்றியூரில், எண்ணூரில் வீடு கட்டுகிற ஒருவர் காதில் கேட்டிருப்பாரா? புத்தகம் ஆங்கிலத்தில் இருக்கிறது. ஆங்கிலம் தெரிந்தாலும் அது யூ-வேல்யூ, ஆர்.இ.டி.வி. என்று பேசுகிறது. எது மத்திய அரசின் மாதிரி, எதை மாநிலம் தன் விதியில் எடுத்துக்கொண்டு கட்டாயமாக்கியிருக்கிறது, எது வெறும் பரிந்துரை என்ற முதல் கேள்விக்கே ஒரு ஆள் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த ஆளைத்தான் நீங்கள் கால் சென்டர் என்கிறீர்கள்.

என் தங்கை மகன் இரண்டு வருடத்துக்கு முன் ஒரு அபார்ட்மென்டில் மேல்மாடி வீடு வாங்கினான். பில்டர் யார் என்பது வேண்டாம். மே மாதம் இரவு பதினோரு மணிக்கு அந்தச் சுவரில் கை வைத்தால் தோசைக்கல் ஆறிக்கொண்டிருப்பது மாதிரி இருக்கும். குழந்தைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. முதலில் ஒரு ஏசி வாங்கினான், பிறகு இன்னொன்று. ஏசி தவணையும் கரண்ட் பில்லும் சேர்ந்து வீட்டுக் கடன் தவணைக்குப் போட்டியாக நிற்கின்றன.

அந்தத் தளத்தை நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பழக்கம் விடாதே. ஆறு அங்குல காங்கிரீட் தளம், மேலே எதுவும் இல்லாவிட்டால் அதன் யூ-வேல்யூ சுமார் 3.3 வரும். அதாவது வெளியே உள்ளே ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு, ஒரு சதுர மீட்டர் வழியாக 3.3 வாட் வெப்பம் இறங்கும். ஈகோ நிவாஸ் சம்ஹிதா கூரைக்கு அனுமதிக்கும் உச்சம் 1.2. பத்துக்குப் பத்து அறைக்கு ஏறக்குறைய 9.3 சதுர மீட்டர் கூரை. 10 டிகிரி வித்தியாசம் என்று வையுங்கள். மொட்டைத் தளம் என்றால் 300 வாட், விதிப்படி கட்டியிருந்தால் 110 வாட். பழைய 100 வாட் குண்டு பல்பு மூன்றை உங்கள் தலைக்கு மேல் எரிய விட்டுக்கொண்டு தூங்குவதற்கும் ஒன்றோடு தூங்குவதற்கும் உள்ள வித்தியாசம் இது. பத்தாம் வகுப்புக் கணக்கு.

நம் தாத்தாக்களுக்கு யூ-வேல்யூ தெரியாது. ஆனால் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு இடித்து, மேலே தட்டோடு பதிக்கத் தெரியும். ராயபுரத்துப் பழைய வீடுகளின் மெட்ராஸ் டெரஸில் மதியம் படுத்தவர்களுக்குத் தெரியும் அந்தக் குளிர்ச்சி. இப்போது செலவும் எடையும் குறைய வேண்டும் என்று அதைக் கைவிட்டார்கள். சரி, அதற்குப் பதில் என்ன போடுவது? யாரைக் கேட்பது?

ஜன்னலுக்கு வருகிறேன், அது இன்னும் மோசம். சென்னை மாதிரி வெப்பமும் ஈரப்பதமும் உள்ள ஊர்களுக்கு, வீட்டின் தரைப்பரப்பில் குறைந்தது 16.66 சதவீதம், அதாவது ஆறில் ஒரு பங்கு, திறக்கக்கூடிய ஜன்னலும் வெளிக்கதவும் இருக்க வேண்டும் என்கிறது அந்த ஆவணம். 600 சதுர அடிக்கு 100 சதுர அடி. ‘திறக்கக்கூடிய’ என்ற சொல்லைக் கவனியுங்கள். இரண்டு கதவுள்ள ஸ்லைடிங் ஜன்னலில் ஒன்று இன்னொன்றின் பின்னால் ஒளிந்துகொள்ளும். எனவே அதன் பரப்பில் 50 சதவீதம்தான் கணக்கில் வரும். கீல் வைத்த பழைய ஜன்னலுக்கு 90 சதவீதம். பில்டர் பெரிதாகக் கண்ணாடி காட்டுகிறார், நாம் வாயைப் பிளக்கிறோம், காற்று பாதிதான் வருகிறது. இதை வீடு வாங்குவதற்கு முன்னால் என் தங்கை மகனுக்கு ஒரு பாலிடெக்னிக் பையன் போனில் ஐந்து நிமிடத்தில் சொல்லியிருக்கலாம். அந்தப் பையன் எங்கே உட்கார்ந்திருக்கிறான்? உட்கார இடமே இல்லை.

“அந்த விதி 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைக்குத்தானே, நம் ஏரியாவில் ஒரு கிரவுண்டே பெரிய விஷயம்” என்று என் பழைய மாணவர் ஒருவர், அவரே சிவில் இன்ஜினியர், என்னிடம் சொன்னார். உண்மைதான். ஒரு கிரவுண்டு 223 சதுர மீட்டர்தான். நம்மில் பெரும்பாலோருக்கு அந்த ஆவணம் சட்டமாகப் பொருந்தாது. ஆனால் வெயில் மனையின் அளவைப் பார்த்தா இறங்குகிறது? சின்ன வீட்டுக்காரனிடம் ஆர்க்கிடெக்ட் கிடையாது, கன்சல்டன்ட் கிடையாது. கேள்வி கேட்க இடம் அவனுக்குத்தான் அதிகம் தேவை. அதுவும் 2024 ஜூலைக்குப் பிறகு, 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை கட்ட, சுயசான்று கொடுத்தால் ஆன்லைனில் உடனே அனுமதி. அலைச்சல் குறைந்தது, நல்லதுதான். ஆனால் கட்டுவதற்கு முன்னால் வரைபடத்தை உட்கார்ந்து பார்க்கிற ஒரு ஜோடிக் கண்ணும் போய்விட்டது. அந்த இடத்தில் யாரை வைத்தோம்?

யாரும் இல்லை என்று சொல்ல முடியாது. மக்கள் இப்போதும் கேட்கத்தான் செய்கிறார்கள். மேஸ்திரியைக் கேட்கிறார்கள். பெயின்ட் கடையில் கேட்கிறார்கள். பெயின்ட் கடைக்காரர் பதில் சொல்கிறார்: இந்த வெள்ளைப் பெயின்ட் இரண்டு கோட் அடிங்க, போதும். வெள்ளைப் பூச்சு வெயிலைத் திருப்பி அனுப்பும் என்பது சரிதான். ஆனால் எந்தத் தளத்துக்கு அது போதும், எதற்குப் போதாது, தூசியும் பாசியும் படிந்தபின் என்ன ஆகும் என்று சொல்ல அவருக்கு என்ன அவசியம்? அவர் கெட்டவர் இல்லை. பெயின்ட் விற்பவர். விற்க எதுவும் இல்லாத ஒருவர் பதில் சொல்ல வேண்டும், அதற்கு அவருக்குச் சம்பளம் வேண்டும். அமெரிக்காவின் எரிசக்தித் துறை, கட்டடம் விதிக்குப் பொருந்துகிறதா என்று பார்க்க இலவச மென்பொருளும் கொடுத்து, கேள்வி கேட்க உதவி மையமும் வைத்திருக்கிறது. விதி போட்டால் மட்டும் வீடு குளிராது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

இப்போது ஏஐ தம்பிக்கு. தம்பி, அது விதியை ஒப்பிக்கும், ஒத்துக்கொள்கிறேன். தப்பாக ஒப்பித்தால் யாரிடம் போய் நிற்பாய்? திருவொற்றியூர் மண்டல அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு மாணவியும் அவளுக்கு மேல் கையெழுத்துப் போடும் ஒரு பொறியாளரும் இருந்தால், அந்தப் பதிலுக்கு ஒரு முகவரி இருக்கும். அவள் ஏஐயை வைத்துத் தேடட்டும், எனக்கு என்ன? ஒரு வருடத்தில் நூறு வீடுகளின் வரைபடத்தைப் பார்த்த பெண்ணாக அவள் வெளியே வருவாள். அந்தப் பாடம் எந்தக் கல்லூரியிலும் இல்லை.

சம்பளம் என்றதும் நினைவுக்கு வருகிறது. என் கடைசி பேட்ச் மாணவி ஒருத்தி, சிவில் மூன்றாம் ஆண்டு. இன்டர்ன்ஷிப் கட்டாயம் என்று ஒரு கம்பெனிக்குப் போனாள். பெயர் வேண்டாம். ஒரு மாதம் டீ வாங்கி வந்தாள், ஜெராக்ஸ் எடுத்தாள், கடைசியில் சர்டிபிகேட்டுக்கு இவளிடமே பணம் வாங்கினார்கள். அவள் அப்பா துறைமுகத்தில் சுமை இறக்குகிறவர். இதற்கு யாரும் வாட்ஸ்அப்பில் சிரிக்கவில்லை. இதை ‘எக்ஸ்பீரியன்ஸ்’ என்று சொல்லிவிட்டு, மணிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கி மூளையால் வேலை செய்கிறவனைப் பார்த்துச் சிரிக்கிறோம்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதில் இன்னொரு கணக்கு இருக்கிறது. 1970-ல் தொடங்கிய எண்ணூர் அனல்மின் நிலையத்தை 2017-ல் மூடினார்கள். ஆனால் வடசென்னை அனல்மின் நிலையம் இரண்டு கட்டங்களும் சேர்ந்து 1,830 மெகாவாட், வல்லூர் 1,500 மெகாவாட், இப்போது மூன்றாம் கட்டம் 800. அந்த மின்சாரம் கிரிட்டில் கலந்துவிடும். எந்த யூனிட் எந்தக் கண்ணாடிக் கட்டடத்தின் ஏசிக்குப் போனது என்று யாராலும் சொல்ல முடியாது. சாம்பல் எங்கே வந்தது என்று சொல்ல முடியும். கொசஸ்தலை ஆற்றில் இறங்கி மீன் பிடிக்கிறவர்களைக் கேளுங்கள். பழைய மகாபலிபுரம் சாலையில் மேற்கு வெயிலைப் பார்த்துக் கண்ணாடிச் சுவர் வைத்த ஒவ்வொரு கட்டடமும் எங்கள் பக்கம் கொஞ்சம் சாம்பல் கேட்கிறது. அங்கே விதி சரியாக நடந்தால் இங்கே மூச்சு விடலாம். அதைக் கேள்வி கேட்டுக் கவனிக்கிற வேலை எங்கள் பிள்ளைகளுக்கு வராமல் வேறு யாருக்கு வரும்?

நான் கேட்பது பெரிய திட்டம் இல்லை. மாநகராட்சியின் முதல் மண்டலம் எங்களுடையது. அந்த மண்டல அலுவலகத்தில் ஒரு மேசை, ஒரு போன், தமிழில் எழுதிய நாற்பது பக்க விளக்கம். ஷிப்டுக்கு இரண்டு சிவில் அல்லது ஆர்க்கிடெக்சர் மாணவர்கள், மாலை மூன்று மணி நேரம், மணிக் கூலி. மேலே ஒரு பொறியாளர். நான் முதல்வன் திட்டத்தில் எத்தனையோ பயிற்சி கொடுக்கிறார்கள், அதில் இதையும் சேர்க்கலாம்.

மனு எழுதி வைத்திருக்கிறேன். மண்டல அலுவலகத்துக்கு ஒரு பிரதி, மாநகராட்சி ஆணையருக்கு ஒரு பிரதி. கையெழுத்துப் போட நினைப்பவர்கள் மாலை ஐந்து மணிக்கு மேல் வீட்டுக்கு வாருங்கள், வீடு உங்களுக்குத் தெரியும். மேல்மாடியில் குடியிருப்பவர்கள் இரவு பத்து மணிக்கு அறையில் எத்தனை டிகிரி என்று ஒரு வாரம் குறித்து எடுத்து வாருங்கள், மனுவோடு இணைக்கிறேன். ஜன்னல் அளவும் வேண்டும். ஸ்லைடிங் என்றால் பாதி போடுங்கள்.

அமெரிக்காவில் இருக்கும் அந்தப் பையனுக்கு மட்டும் தனியாக ஒரு வேலை: உன் மேசைக்கு அடிக்கடி வரும் இருபது கேள்விகளை எழுதி அனுப்பு, கண்ணு. தமிழாக்கம் நான் பார்த்துக்கொள்கிறேன்.